வசனமே இல்லாத நாடக வகுப்பு

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, ரொம்பக் கூச்சம். நாடக வகுப்பில் சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது, இதுவரை ஒரு வரி வசனம் கூடச் சொல்லித்தரவில்லை. விளையாட்டுதான் நடக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், அந்த விளையாட்டுதான் பாடமே. வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்க நாடக ஆசிரியை, 1930களின் இறுதியில் சிகாகோவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளோடு வேலை செய்தபோது, நடிப்பை விளக்கிச் சொல்வதை விட்டுவிட்டு விளையாட்டுகளாகவே மாற்றினார். எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நேரத்தில் தோன்றுவதைச் சொல்லி நடிப்பதுதான் இம்ப்ரவ்; இன்றைய இம்ப்ரவ் வகுப்புகள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான்.

ஒரு குழந்தை, "இந்தப் பெட்டிக்குள்ள யானை இருக்கு" என்கிறது. கூட இருப்பவன் "இல்ல, காலிப்பெட்டி" என்றால் காட்சி அங்கேயே படுத்துவிடும். "ஆமா, அதுக்கு ஜலதோஷம், சத்தம் போடாதே" என்றால்? அடுத்தவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, ஏற்றுக்கொண்டு, மேலே ஒன்றைச் சேர்ப்பது. இம்ப்ரவில் முதலில் பழக்குவது இதைத்தான். தப்பான பதில் என்று எதுவும் இல்லாததால் கூச்சப்படும் பிள்ளைக்குப் பயம் மெல்ல விடும் (மனப்பாடம் செய்த வசனம் மேடையில் மறந்துபோய் விழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்!).

ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒதுங்கி நிற்கும் பிள்ளையை ஆசிரியர் வற்புறுத்தி நடுவில் தள்ளினால், அல்லது இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகளையே சுற்றி வகுப்பு ஓடினால், வேறு இடம் தேடலாம். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் "எங்கே, நடிச்சுக் காட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள்.