ஒரே 4 டிபி, ஒரே பே, ஆனாலும் ரெய்டில் சேர மறுக்கும் டிஸ்க்: எங்கே பார்ப்பது?

கேள்வி: 12 பே (டிஸ்க் செருகும் இடம்) உள்ள சர்வர். 4 டிபி எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க்குகளின் இணைப்பு வகை) டிஸ்க் எட்டு சேர்ந்து ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் கூட்டு). அதில் ஒன்று போய்விட்டது. மாற்றாகக் கையில் இரண்டு இருக்கின்றன: பழைய ஸ்டோரேஜ் அரேயிலிருந்து கழற்றிய 4 டிபி எஸ்ஏஎஸ் ஒன்று, புதிய 4 டிபி சாட்டா (சாதாரணக் கணினிகளின் இணைப்பு வகை) ஒன்று. முதலாவதை, ரெய்டை நடத்தும் கன்ட்ரோலர் அட்டை 'அன்சப்போர்ட்டட்' என்கிறது, லினக்ஸில் 0 பைட் காட்டுகிறது. இரண்டாவது நன்றாகவே தெரிகிறது, ஆனால் ரீபில்டில் (போன டிஸ்கின் தரவை மாற்று டிஸ்கில் மறுபடி உருவாக்குவதில்) சேரவில்லை. ஏன்?

பதில்:

உங்கள் இரண்டு டிஸ்கும் மறுக்கப்பட்டதற்குக் காரணம் ஒன்றல்ல. முதலாவதில் தகராறு செக்டர் (டிஸ்க் ஒரு முறையில் படித்து எழுதும் சிறு துண்டு) அளவில். இரண்டாவதில் கன்ட்ரோலரின் விதியில். கன்ட்ரோலர் காரணத்தைச் சொல்லாததால்தான் குழப்பம். அதனால் லேபிளில் உள்ள 4 டிபியை விட்டுவிட்டு, டிஸ்க் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள்.

மெகாரெய்டு வகைக் கன்ட்ரோலர் என்றால் ஸ்டோர்சிஎல்ஐ என்ற அதன் கட்டளைக் கருவி போதும். டிஸ்க் பட்டியலில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு வரி வரும். அதில் இன்டர்ஃபேஸ், மீடியா, எஸ்இடி (தானே குறியாக்கம் செய்யும் டிஸ்கா), பிஐ (பாதுகாப்புத் தகவல்), செக்டர் சைஸ் என்ற ஐந்து பத்திகளை மட்டும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல டிஸ்கின் வரியையும் புது டிஸ்கின் வரியையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால் எந்தப் பத்தி மாறுகிறதோ அங்கேதான் பிரச்சினை. எச்பிஏ (ரெய்டு செய்யாமல் டிஸ்கை இணைக்க மட்டும் உதவும் அட்டை) மட்டும் இருந்தால் லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் தகவல் பகுதியும் எஸ்ஜி-ரீட்கேப் கட்டளையும் இதையே சொல்லிவிடும்.

இப்போது 0 பைட் டிஸ்க். பெரிய ஸ்டோரேஜ் அரேக்களில் பல 520 பைட் செக்டர் பயன்படுத்தும்: 512 தரவுக்கு, மீதி 8 பைட் அரேயின் சொந்தச் செக்சம்முக்கு. 528 பைட் டிஸ்க்குகளும் உண்டு. லினக்ஸ் இந்த அளவுகளை ஏற்காது. டிமெசெக் என்ற தன் பதிவில் 'அன்சப்போர்ட்டட் செக்டர் சைஸ் 520' என்று ஒரு வரி எழுதிவிட்டு அளவை 0 ஆக்கிவிடும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இதைச் சரிசெய்ய டிஸ்கை 512க்கு மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். ரெய்டு கன்ட்ரோலர் வழியாக முயலாதீர்கள், அது டிஸ்கை நேரடியாகத் தொட விடாது. ஐடி மோடில் (டிஸ்கை அப்படியே காட்டும் நிலையில்) உள்ள எச்பிஏவில் மாட்டுங்கள். டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸ்கசி கட்டளையை 'ஜி' விருப்பத்தோடு ஓட்டி டிஸ்கின் எஸ்ஜி எண்ணைக் குறித்துக்கொண்டு, சீரியல் எண்ணை ஸ்மார்ட்சிடிஎல்லில் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒப்பீட்டைத் தவிர்த்துத்தான் பலர் தவறான டிஸ்கை அழிக்கிறார்கள். பிறகு எஸ்ஜி-ஃபார்மேட் கட்டளைக்கு மூன்று விருப்பங்கள்: ஃபார்மேட், சைஸ்=512, எஃப்எம்டிபின்ஃபோ=0. மூன்றாவது எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன். கட்டளை உடனே தொடங்காது. 15 விநாடி, 10 விநாடி, 5 விநாடி என்று மூன்று முறை எச்சரிக்கும். சந்தேகம் வந்தால் கன்ட்ரோல்-சி அழுத்த அதுதான் கடைசி வாய்ப்பு.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். டிஸ்க் தன் முழுப் பரப்பையும் எழுதுகிறது. சராசரியாக விநாடிக்கு 150 எம்பி என்று வைத்தால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆகும். வேலையை டிஸ்கே தனக்குள் செய்துகொள்கிறது, கேபிளில் தரவு எதுவும் போவதில்லை. அதனால் எட்டு டிஸ்க் இருந்தாலும் எட்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம், வேகம் குறையாது. நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் 'மீடியம் ஃபார்மேட் கரப்டட்' நிலைக்குப் போய்விடும், படிக்கவும் முடியாது எழுதவும் முடியாது. பயப்பட வேண்டாம், அதே கட்டளையை மறுபடி கொடுத்து முழுவதும் முடியவிட்டால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காமல் இருப்பது அதைவிட நல்லது.

முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி மாட்டி, எஸ்ஜி-ரீட்கேப்பில் மொத்தச் செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். 4 டிபி டிஸ்குக்கான வழக்கமான எண் 7,814,037,168. இதைவிடக் குறைவாக இருந்தால், முன்பு யாரோ அளவைச் சுருக்கி வைத்திருக்கலாம். எஸ்ஜி-ஃபார்மேட்டில் ரீசைஸ் விருப்பத்தோடு கவுன்ட்=-1 கொடுத்தால் முழு அளவுக்குத் திரும்பும். இந்த எண்ணிக்கை முக்கியம். ரெய்டு ஏற்கெனவே எடுத்துக்கொண்ட அளவுக்கு ஒரு செக்டர் குறைந்தாலும் மாற்று டிஸ்க் சேராது. மெகாரெய்டில் 128 எம்பி அல்லது 1 ஜிபிக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கும் கோயர்ஷன் அமைப்பு இருப்பதே இதற்காகத்தான். ஆனால் அரேயை உருவாக்கும்போதே அதை வைத்திருந்தால்தான் பலன்.

எஃப்எம்டிபின்ஃபோ=0 சங்கதி இது. சில டிஸ்க் 512 பைட் என்று காட்டும், ஆனாலும் கன்ட்ரோலர் மறுக்கும். எஸ்ஜி-ரீட்கேப்பை நீள வடிவில் ஓட்டினால் 'புராட்-என்=1, பி-டைப்=1' என்று வரும். பாதுகாப்புத் தகவல் (பிஐ, ஒவ்வொரு செக்டரோடும் சேரும் சரிபார்ப்பு பைட்டுகள்) இயக்கத்தில் இருக்கிறது, டைப் 2 என்று அர்த்தம் (எண் ஒன்று குறைத்தே காட்டும், அதில் ஏமாறாதீர்கள்). பிஐ ஆதரவு இல்லாத பல கன்ட்ரோலர்கள் இப்படிப்பட்ட டிஸ்கை எடுக்காது. 0 கொடுத்து ஃபார்மேட் செய்தால் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். செக்டர் அளவு சரியாக இருந்தும் டிஸ்க் மறுக்கப்பட்டால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும்.

'ஃபாரின்' என்று வருவதையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பொருந்தாமை அல்ல. டிஸ்கில் பழைய ரெய்டின் குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். கிளியர் செய்யுங்கள். இம்போர்ட் பொத்தானை அழுத்தினால் பழைய அரையும்குறையுமான வால்யூம் ஒன்று வந்து நிற்கும்.

எஸ்இடி பத்தியில் ஆம் என்று இருந்து டிஸ்க் பூட்டிக் கிடந்தால் ஃபார்மேட்டும் ஓடாது. லேபிளில் அச்சிட்டிருக்கும் 32 எழுத்து பிஎஸ்ஐடி (டிஸ்கின் மீட்புக் குறியீடு) இருந்தால் ரிவர்ட் செய்து தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். தரவு போய்விடும், டிஸ்க் மீளும். லேபிளே கிழிந்திருந்தால் அந்த டிஸ்கை மறந்துவிடுங்கள்.

அடுத்து சாட்டா. எஸ்ஏஎஸ் பேக்பிளேனில் (பேக்களின் பின்னால் டிஸ்க் செருகும் பலகையில்) சாட்டா டிஸ்க் பொருந்தும், சாட்டா பேக்பிளேனில் எஸ்ஏஎஸ் டிஸ்க் பொருந்தாது. எஸ்ஏஎஸ் கனெக்டரில் தரவுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அடைக்கப்பட்டிருப்பதே காரணம். மாட்ட முடிகிறது, தெரிகிறது என்பதற்காக ரெய்டுக்குள் சேர்ந்துவிடும் என்று இல்லை. எஸ்ஏஎஸ்ஸும் சாட்டாவும், சுழல் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரே வர்ச்சுவல் டிஸ்கில் கலப்பதைப் பல கன்ட்ரோலர்கள் தடுக்கின்றன. சிலவற்றில் இதைத் தளர்த்தும் அமைப்பு உண்டு. இருந்தாலும் மாற்றாதீர்கள் என்பதே என் கருத்து. பிழை வந்தால் மீளும் முறையும் காத்திருக்கும் நேரமும் இரண்டிலும் வேறு, ஒரு கலப்பு டிஸ்க் முழு அரேயையும் இழுத்துக்கொண்டு போகும். இரட்டைக் கன்ட்ரோலர் ஷெல்ஃபாக இருந்தால் சாட்டாவுக்கு ஒரே போர்ட்தான் என்பதும் சேர்ந்துகொள்ளும். நடுவில் இன்டர்போசர் (ஒரு போர்ட்டை இரண்டாக்கும் சிறு பலகை) இல்லாமல் இரண்டாவது கன்ட்ரோலருக்கு அந்த டிஸ்க் தெரியவே தெரியாது.

புது சாட்டா டிஸ்க் சுழலவே இல்லை என்றால் அது வேறு கதை. சாட்டா 3.3 தரத்துக்குப் பிறகு வந்த சில டிஸ்குகளில் மின் கனெக்டரின் மூன்றாவது பின் 'பவர் டிஸேபிள்'. பழைய பேக்பிளேன் அதே பின்னில் 3.3 வோல்ட் தந்துகொண்டிருந்தால் டிஸ்க் ரீசெட்டிலேயே கிடக்கும். முதல் மூன்று பின்களைக் காப்டன் டேப்பால் மூடினால் எழுந்துவிடும். சாதாரண செலோடேப் வேண்டாம், சூட்டில் பசை இளகும்.

ரெய்டை மென்பொருளிலேயே செய்யும் இசட்எஃப்எஸ் கோப்பு முறையைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு பொறி. பூல் (இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பு) ஆஷிஃப்ட் 9இல், அதாவது 512 பைட் செக்டர் கணக்கில், உருவாகியிருந்தால் 4கேஎன் (4096 பைட் செக்டர் மட்டுமே உள்ள) டிஸ்கை அதில் மாற்றாகச் சேர்க்க வழியே கிடையாது. 512இ (உள்ளே 4096, வெளியே 512 என்று காட்டும் டிஸ்க்) என்றால் ஆஷிஃப்ட்=9 என்று வெளிப்படையாகக் கொடுத்துச் சேர்க்கலாம், எழுதும் வேகம் அடிவாங்கும். இரண்டையும் பிரித்தறிய ஸ்மார்ட்சிடிஎல்லில் லாஜிக்கல், பிசிக்கல் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள்: 512/4096 என்றால் 512இ, இரண்டும் 4096 என்றால் 4கேஎன்.

இதுவரை சொன்னவை எல்லாம் நேராக முகத்தில் அடிப்பவை. எஸ்எம்ஆர் (தடங்களை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும்) டிஸ்க் அப்படி இல்லை. அதை யாரும் மறுக்க மாட்டார்கள், ரெய்டில் சேரும், ரீபில்ட் தொடங்கும். பிறகு கேஷ் பகுதி நிரம்பியதும் வேகம் பாதாளத்துக்கு இறங்கி, டைம்அவுட் ஆகி, நல்ல டிஸ்கையே கன்ட்ரோலர் வெளியே தள்ளும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்தபோது நாஸ் (வீட்டு, அலுவலக நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) வைத்திருந்தவர்கள் கொதித்ததற்குக் காரணம் இதுதான். சுழல் டிஸ்க் ஒன்று தனக்கு டிரிம் (அழித்த இடங்களை டிஸ்குக்குத் தெரிவிக்கும் கட்டளை) ஆதரவு உண்டு என்று சொன்னால் அது பெரும்பாலும் எஸ்எம்ஆர்.

உங்கள் நிலையில் செய்ய வேண்டியது: ரெய்டு 6இல் ஒரு டிஸ்க் போயிருக்கிறது, இன்னொன்று போனாலும் தாங்கும். அதனால் ஏழரை மணி நேரம் செலவிட்டு எஸ்ஏஎஸ் டிஸ்கை இன்னொரு கணினியில் 512க்கு மாற்றுங்கள். பிறகு ஸ்மார்ட்சிடிஎல்லில் குரோன் டிஃபெக்ட் (பயன்பாட்டில் கெட்டுப்போன இடங்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள், 0 அல்லது அதற்கு மிக அருகில் இருந்தால் மட்டும் ரீபில்டுக்குக் கொடுங்கள். சாட்டா டிஸ்கை அந்த ரெய்டுக்கு வெளியே, தனி வால்யூமாக பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.