கேள்வி-பதில்: புது இலை யாருக்கு?

நியூஜெர்சி வாசகர் ஒருத்தர்: எங்க ஸ்டேட் ரட்கர்ஸ் யூனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால்ல பெருசா ஜெயிச்சதே இல்ல, அவங்கள எப்படி பிக் டென் கான்ஃபரன்ஸ் கூப்பிட்டு சேத்துக்கிச்சு? ஒரு காலேஜை சேக்கலாமா வேணாமான்னு எதை வெச்சு முடிவு பண்றாங்க?

ஜெயிச்சதே இல்லன்னு சொல்லாதீங்க சார், 1869ல நடந்த முதல் காலேஜ் ஃபுட்பால் மேட்ச்லயே பிரின்ஸ்டனை 6-4னு ஜெயிச்சது ரட்கர்ஸ்தான். அதுக்கப்புறம்தான் கொஞ்சம் தகராறு!

விஷயத்துக்கு வரேன். கான்ஃபரன்ஸ்ங்கறது தங்களுக்குள்ள மேட்ச் ஆடிக்கற காலேஜுங்க கூட்டணி, கூட்டாளிங்க கடை மாதிரி, டிவி உரிமையை எல்லாரும் சேந்து வித்து வர்ற பணத்த பங்கு போட்டுக்குவாங்க. 1984ல சுப்ரீம் கோர்ட், காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏங்கற சங்கத்தோட கையிலேர்ந்த டிவி பிடியை உடைச்சு விட்டுச்சு, அதுலேர்ந்துதான் இந்த ஆட்டமே சூடு பிடிச்சுது. ஒரு பேச்சுக்கு 10 காலேஜ் இருக்கு, டிவி பணம் 50 கோடி டாலர், ஆளுக்கு 5 கோடின்னு வெச்சுக்குங்க. 11வதா ஒருத்தர் வர்றார், டிவிக்காரன் அவருக்காக 3 கோடிதான் கூட தருவேங்கறான், இப்ப 53 கோடியை 11ஆல வகுத்தா ஆளுக்கு சுமார் 4.8 கோடி, அதாவது பழைய ஆள் ஒவ்வொருத்தருக்கும் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் நஷ்டம். எவன் ஓட்டு போடுவான்? பந்தில புதுசா இலை போட்டா ஏற்கனவே உக்காந்திருக்கறவன் சோறு குறையக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

ரட்கர்ஸ் 2014ல உள்ள வந்தப்போ அவங்க கொண்டு வந்தது டீம் இல்ல, நியூயார்க் பக்கத்து கேபிள் வீடுங்க. பிக் டென்னுக்கு 2007லேர்ந்து சொந்த சேனல் இருக்கு, மெம்பர் காலேஜ் இருக்கற ஸ்டேட்ல அந்த சேனலுக்கு வீட்டுக்கு வீடு வசூலாகற மாசக் காசு ஜாஸ்தி, மேட்ச் பாக்காதவன் பில்லுலயும் சேந்துதான் வரும். அதே வருஷம் மேரிலாண்டையும் சேத்தாங்க, வாஷிங்டன் டிசி பக்கத்து வீடுங்களுக்காக. இன்னைக்கு நிலைமை மாறிடுச்சு, ஜனங்க கேபிளை வெட்டிட்டு போறாங்க, அதனால எத்தனை வீடுங்கறத விட எத்தனை பேர் நெஜமா உக்காந்து பாக்கறாங்கங்கறதுதான் கேள்வி. என்னைக் கேட்டா, இன்னைக்கு அப்ளிகேஷன் போட்டா ரட்கர்ஸுக்கு இடம் கெடைக்கறது கஷ்டம்.

கல்லூரிப் பேராசிரியை ஒருத்தர்: படிப்புத் தரத்தைப் பாக்கறதே இல்லயா?

பாக்கறாங்க மேடம், பிக் டென் ரொம்பவே பாக்கும். ஏஏயூன்னு பெரிய ஆராய்ச்சி யூனிவர்சிட்டிங்க சங்கம் ஒண்ணு இருக்கு, அதுல இருந்தா கதவு சுலபமா தொறக்கும். ஆனா நெப்ராஸ்காவைப் பாருங்க, 2010ல அழைப்பு வந்துச்சு, 2011 ஜூலைல சேரணும், அதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடி ஏஏயூ அவங்கள ஓட்டெடுத்து வெளிய அனுப்பிடுச்சு. அழைப்பை யாரும் திருப்பி வாங்கல. கல்யாணம் நிச்சயமான பிறகு மாப்ளைக்கு வேலை போன கதைதான்.

டெக்ஸாஸ் வாசகர்: எஸ்எம்யூ காலேஜ் காசு குடுத்து ஏசிசி கான்ஃபரன்ஸுக்குள்ள நுழைஞ்சதா என் ஃப்ரெண்ட் கிண்டல் பண்றான். உண்மையா?

குடுக்கலீங்க, வாங்க மாட்டேன்னு சொன்னாங்க. 9 வருஷத்துக்கு ஏசிசி டிவி பங்கே வேணாம், எங்க பணக்கார பழைய மாணவர்கள் பாத்துக்குவாங்கன்னாங்க. மேல போட்ட கணக்குல வெச்சுப் பாருங்க, பங்கு கேக்காத ஆளால யாருக்கும் நஷ்டமில்ல. கூடவே சேந்த ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும்கூட குறைஞ்ச பங்குக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. எஸ்எம்யூ 2024ல முதல் சீசன்லயே ஏசிசி ஃபைனல் வரைக்கும் போய் கிளெம்சன்கிட்ட தோத்து, அப்பறமும் 12 டீம் பிளேஆஃப்ல இடம் புடிச்சுட்டாங்க. உங்க ஃப்ரெண்ட்கிட்ட இதையும் சொல்லுங்க.

ஒரேகான் வாசகி: ஒரேகான் ஸ்டேட் யூனிவர்சிட்டி என்ன தப்பு பண்ணுச்சு, அவங்கள ஏன் யாரும் சேத்துக்கல?

ஒண்ணுமே பண்ணலம்மா, அதான் கொடுமை. அவங்க இருக்கற கோர்வாலிஸ் சின்ன ஊர், அதே ஸ்டேட்ல ஒரேகான் யூனிவர்சிட்டி பேருக்கு இருக்கற கூட்டம் இவங்களுக்கு இல்ல. 2023ல இவங்க இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸ் உடைஞ்சப்போ ஒரேகானும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போனாங்க, நாலு பேர் பிக் 12ங்கற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு, கடைசில ஒரேகான் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் காலி வீட்ல நின்னாங்க. அப்பறம் அவங்களே ஆள் தேட ஆரம்பிச்சு பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்ஸாஸ் ஸ்டேட்னு கூப்பிட்டாங்க, புது கூட்டணி கணக்கு 2026 ஜூலைலேர்ந்து. இவங்களோட கொன்ஸாகாவையும் கூப்பிட்டாங்க, எனக்குப் புடிச்ச தேர்வு அதுதான், ஃபுட்பால் டீமே கெடயாது, ஆனா பாஸ்கெட்பால்ல 2017லயும் 2021லயும் ஃபைனல் ஆடின காலேஜ்.

வாலிபால் ஆடற பொண்ணோட அம்மா: இவ்வளவு தூரம் பறக்கற பசங்க உடம்பு, படிப்பு பத்தி யாராவது யோசிச்சாங்களா?

யோசிச்சிருந்தா லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கற யூசிஎல்ஏவையும் நியூஜெர்சி ரட்கர்ஸையும் ஒரே கூட்டத்துல போட்டிருப்பாங்களா? ஃபுட்பாலுக்கு வாரம் ஒரு மேட்ச், தனி விமானம், சமாளிச்சுடலாம். வாலிபாலுக்கு ஒரே வாரத்துல ரெண்டு மேட்ச் இருக்கும், மூணு மணி நேர டைம் வித்தியாசம், திரும்பி வந்து காலைல லேப் வேற. டிவி பணம் கொண்டு வர்றது ஃபுட்பால், அலையறது மத்த பசங்க. யூசிஎல்ஏ பேக்-12லேர்ந்து கிளம்பிப் போனதால நஷ்டப்பட்ட பெர்க்லிக்கு யூசிஎல்ஏ வருஷம் 1 கோடி டாலர் குடுக்கணும்னு, ரெண்டையும் நிர்வாகம் பண்ற ரீஜன்ட்ஸ் குழு 2024ல முடிவு பண்ணுச்சு. அந்த மாதிரி வாலிபால் பொண்ணுங்க தூக்கத்துக்கு எந்த கான்ஃபரன்ஸும் நஷ்டஈடு போட்டதா நான் கேள்விப்படல.

பள்ளி மாணவர் ஒருத்தர்: பிக் டென்ல 18 டீம் இருக்கே, பேரை மாத்த மாட்டாங்களா அங்கிள்?

1990ல பென் ஸ்டேட் வந்து 11 ஆனப்பவே மாத்தல தம்பி, லோகோல ‘டி’ எழுத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கற காலி இடத்துல 11ஐ ஒளிச்சு வெச்சாங்க. 2012ல இன்னும் தமாஷ், பிக் டென்ல 12 டீம், பிக் 12ல 10 டீம்!