காமிக்ஸில் கறுப்பின சூப்பர்ஹீரோ இருந்தால் போதாதா, எழுதுபவரும் கறுப்பினத்தவராக இருக்க வேண்டுமா?

பிரதிநிதித்துவம் என்றால் பக்கத்தில் ஒரு கறுப்பு முகம் தெரிவது மட்டுமில்லை, அந்த முகம் என்ன பேச வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான். 1966-இல் பிளாக் பாந்தர் என்ற கறுப்பின சூப்பர்ஹீரோவை உருவாக்கிய ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் வெள்ளையர்கள். நல்ல பாத்திரம், குறையே சொல்லவில்லை, ஆனால் கடிவாளம் அவர்கள் கையில்.

அதனால்தான் டுவைன் மெக்டஃபி, டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் என்ற நான்கு கறுப்பினத்தவர்கள் சேர்ந்து 1993-இல் மைல்ஸ்டோன் காமிக்ஸைக் கொண்டுவந்தார்கள். அச்சும் விநியோகமும் டிசி என்ற பெரிய காமிக்ஸ் நிறுவனத்துடையது, பாத்திரங்களின் உரிமை மட்டும் மைல்ஸ்டோனுக்கே. நம் நெல்லை அடுத்தவர் மில்லில் அரைக்கிற மாதிரிதான். கூலி கொடுத்துவிட்டால் அரிசி நம்முடையது.

இதில் என்ன மாறிவிட்டது என்று கேட்டால் மைல்ஸ்டோனின் 'ஹார்டுவேர்' தொடரின் முதல் இதழைப் பாருங்கள், கூண்டிலிருந்து தப்பிய ஒரு கிளி ஜன்னல் கண்ணாடியில் போய் மோதுகிற கதையோடு ஆரம்பிக்கும். நாயகன் கர்டிஸ் ஒரு கண்டுபிடிப்பாளன். மூளை அவனுடையது, லாபம் முதலாளிக்கு. பட்டவர்கள் எழுதினால்தான் இந்தக் கோபம் இவ்வளவு கச்சிதமாக வரும் என்பது என் கருத்து.

அப்புறம், மைல்ஸ்டோன் கறுப்பினத்தவரைப் பற்றி மட்டுமே கதை சொன்னது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: அவர்களுடைய 'ஸோம்பி' தொடரின் நாயகன் ஒரு கொரிய அமெரிக்கர்.