அப்பா விட்டுப்போன 5 டின்கள்

கேள்வி: என் அப்பா ஜார்ஜ் டவுனில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டியவர். அவர் இறந்த பிறகு, 1973-இல் வந்த ஓர் இத்தாலியப் பேய்ப் படத்தின் 35 மி.மீ. ரீல்கள் 5 டின்களில் கிடைத்தன. கொஞ்சம் ஆபாசமான படம் என்கிறார் அம்மா. கோலாலம்பூர் ஏஜெண்டு ஒருவர், அமெரிக்காவில் புளூ-ரே வரப்போகிறது, ரீலைக் கொடுத்து உரிமைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் 8,000 ரிங்கிட் என்கிறார். கொடுக்கலாமா? - வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. கையெழுத்தும் போடாதீர்கள்.

அப்பா வைத்திருந்தது ரீல் மட்டும்தான். படத்தின் உரிமை தயாரித்தவரிடமோ, அவரிடம் வாங்கியவரிடமோ இருக்கும். இல்லாத உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை உரிமையாளர் வழக்குப் போடும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏஜெண்டின் பெயர் ஒரு வரியில்கூட இருக்காது.

"50 வருஷம் ஆச்சு, உரிமை முடிஞ்சு போச்சு" என்பார். இதை நிதானமாகப் பாருங்கள், ஏமாறுவது இங்கேதான். நம் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள். 1973-இல் வெளியானது என்றால் 2023 முடிவோடு சரி. ஆனால் அது மலேசியாவுக்குள் மட்டும். இங்கேயும் பின்னணி இசைக்குத் தனிக் கணக்கு: இசையமைத்தவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகள். டிஸ்க் விற்கப்போவதோ அமெரிக்காவில். அங்கே 1973 படத்துக்கு உரிமை 95 ஆண்டுகள், அதாவது 2068 முடிவு வரை நீடிக்கலாம். பினாங்கில் உரிமை முடிந்துவிட்டது என்ற வாதம் அங்கே செல்லாது.

நேர்மையான டிஸ்க் நிறுவனம் உரிமையை உரிமையாளரிடமே வாங்கிக்கொள்ளும். நெகடிவ், அதாவது படம் பிடித்த மூலச்சுருள், தொலைந்திருந்தால், ஸ்கேன் செய்ய ஒரு பிரிண்ட், அதாவது தியேட்டரில் ஓட்டிய பிரதி, தேடும். உங்கள் ரீலுக்கு மதிப்பு அதனால்தான். ஆகவே ரீலை இரவல் கொடுங்கள், விற்காதீர்கள். எத்தனை டின், என்ன நிலை, எந்தத் தேதிக்குள் திரும்பும், எவ்வளவு கட்டணம், எல்லாம் எழுத்தில் வேண்டும். நிறுவனத்தோடு நேரடியாகப் பேசுங்கள். பெயரைச் சொல்ல ஏஜெண்டு மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது தணிக்கை. 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில், ஆபாசப் படத்தை வைத்திருப்பதே குற்றம்: 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இங்கே தியேட்டரில் ஓடிய பிரிண்ட் என்றால் அந்தக் காட்சிகளை அப்போதே வெட்டியிருப்பார்கள், ரீலில் ஒட்டுப் போட்ட இடங்கள் தெரியும். "வெட்டாத பிரதி" என்று ஏஜெண்டு ஆசை காட்டினால் நம்பாதீர்கள். இருந்தாலும் எதையும் அனுப்புமுன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அரை நூற்றாண்டுப் பழைய படச்சுருளையும் நேற்றுச் சந்தையில் விற்ற நீலப்பட சிடியையும் ஒரே தராசில் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பழைய ரீலோடு நான் ஓர் அலுவலகக் கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். அதற்குள் ரீல் கெட்டுக்கொண்டே போகிறது.

பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், சுருங்கிய ஃபிலிம் கிழிந்துவிடும். இன்றைக்கே டின்களைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த டின்னை மற்றவற்றிலிருந்து பிரித்து, வறண்ட, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்ய முதலில் போக வேண்டியது அதுதான்.