கேள்வி – பதில்: ஹங்கேரியனில் 'ஹேவ்' எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆந்திர எல்லையிலிருந்தும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் வந்தவை. எல்லாமே ஹங்கேரியன் மொழி பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். அப்பல்லோ டயர்ஸுக்குச் சத்தியவேடு பக்கம் சின்னபாண்டூரில் ஆலை இருக்கிறது. ஹங்கேரியில் ஜூஞ்ஜொஷ்ஹலாஸ் என்ற ஊரிலும் 2017 முதல் ஆலை இருக்கிறது. இன்னொரு பக்கம், அந்நாட்டு அரசு 2013-இல் தொடங்கிய ஸ்டைபென்டியம் ஹங்கேரிக்கம் உதவித்தொகைக்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள். கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இங்கிலீஷ் சொல்லைச் சுற்றியே வந்ததால் அவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

இங்கிலீஷ் 'ஹேவ்' என்பதற்கு ஹங்கேரியனில் என்ன சொல்? மொபைல் ஆப் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டுகிறது.
– வாசகர், சத்தியவேடு

ஆப் மேல் தப்பில்லை. அப்படி ஒரு வினைச்சொல் அந்த மொழியில் கிடையாது. தமிழிலும் கிடையாது, தெலுங்கு, மலையாளத்திலும் கிடையாது. 'ஐ ஹேவ் எ ஹவுஸ்' என்பதை நாம் 'எனக்கு வீடு இருக்கு' என்கிறோம், நகரிக்காரர் 'நாக்கு இல்லு உந்தி' என்கிறார், கொழிஞ்சாம்பாறைக்காரர் 'எனிக்கு வீடு உண்டு' என்கிறார். ஹங்கேரியரும் 'எனக்கு', 'இருக்கு' என்றே சொல்கிறார்: நெக்கெம் வன் ஹாஸம். 'நெக்கெம்' எனக்கு, 'வன்' இருக்கிறது.

ஆகவே இங்கிலீஷ் வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல் தேடாதீர்கள். அதையே வீட்டில் பேசுவதுபோல் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கடைசியில் என்ன வினை வருகிறது? 'இருக்கு' வந்தால் வன், 'இல்ல' வந்தால் நின்ச், 'வேணும்' வந்தால் கெல், 'வலிக்குது' வந்தால் ஃபாய். 'சாப்பிடு' வந்தால் அதற்குத் தனி வினை இருக்கிறது, கீழே வருகிறது.

'பிர்டொக்கொல்' என்று ஆப் காட்டினால் அதை விட்டுவிடுங்கள். சொத்து, நிலம் உடைமையாக வைத்திருப்பதற்கான கனமான சொல் அது. 'ரென்டெல்கெஸிக்' என்பது விண்ணப்பப் படிவத்து மொழி. ஓட்டுநர் உரிமம் உண்டா என்று படிவம் கேட்கும்போது அதைப் பார்ப்பீர்கள். வாயால் சொல்லும்போது 'வன் யொகொஷீட்வாஞொம்' (லைசென்ஸ் இருக்கு) போதும்.

'நெக்கெம் வன் ஹாஸ்' என்று எழுதினேன். ஆன்லைன் ஆசிரியர் தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார். 'எனக்கு இருக்கு வீடு' சரியாகத்தானே இருக்கிறது?
– பட்டதாரி, கொல்லங்கோடு

தமிழ் கைகொடுப்பது பாதி தூரம்தான். நாம் 'எனக்கு' என்பதோடு விட்டுவிடுகிறோம். அவர்கள் பொருளின் வாலிலும் 'என்' என்று முடிச்சுப் போடுகிறார்கள். எனக்கு இருக்கு 'என்-வீடு'. அந்த முடிச்சு இல்லாவிட்டால் வாக்கியம் தொங்கும்.

வீடு என்ற 'ஹாஸ்' இப்படி மாறும்: என் வீடு ஹாஸம், உன் வீடு ஹாஸட், அவன் அல்லது அவள் வீடு ஹாஸ, எங்கள் வீடு ஹாஸுங்க், உங்கள் வீடு (பலர்) ஹாஸட்டொக், அவர்கள் வீடு ஹாஸுக். ஆண்பால், பெண்பால் வேறுபாடு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், நாம் கட்டாயம் என்று நினைக்கும் 'நெக்கெம்' அங்கே கட்டாயமில்லை. 'வன் ஹாஸம்' என்றாலே எனக்கு வீடு இருக்கிறது என்றுதான் பொருள். 'எனக்கு இருக்கு, உனக்கு இல்ல' என்று அழுத்தும்போது மட்டும் நெக்கெம் போடுவார்கள். உடையவரின் பெயரைச் சொன்னால் நம் '-க்கு' போல '-நக்' அல்லது '-நெக்' சேரும்: ஏவாவுக்கு வீடு இருக்கு, ஏவானக் வன் ஹாஸ. பேட்டருக்கு என்றால் பேடெர்நெக். ஆ, ஓ, ஊ வகை உயிர் உள்ள சொல்லுக்கு நக், எ, ஏ, இ வகைக்கு நெக்.

இணைப்பு உயிர் சொல்லுக்குச் சொல் மாறும். வீடு ஹாஸம், ஆனால் பணம் பேன்ஸெம், சாவி குல்ச்சொம். இதற்குச் சூத்திரம் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். புதுப் பெயர்ச்சொல் படிக்கும்போதே 'என்' சேர்ந்த வடிவத்தையும் பக்கத்தில் எழுதிப் படியுங்கள்.

இன்னொரு பிழையும் உங்கள் தாளில் இருந்திருக்கலாம். எண்ணுக்குப் பிறகு பன்மை வராது. 'எனக்கு ரெண்டு பிள்ளை' என்பது 'கேட் ஜெரெக்கெம் வன்'. இங்கிலீஷ் பழக்கத்தில் பிள்ளையைப் பன்மையாக்கி, 'வன்' இருக்கும் இடத்தில் 'வன்னக்' போட்டால் இரண்டும் தப்பு.

'ஐ ஹேவ் த கீ' என்பதற்கும் அதே அமைப்பா?
– வாசகர், புத்தூர்

இல்லை. தமிழில் யோசித்துப் பாருங்கள். வாட்ச்மேனிடம் 'எனக்குச் சாவி இருக்கு' என்றா சொல்வோம்? 'சாவி என்கிட்ட இருக்கு' என்போம். அந்த '-கிட்ட' ஹங்கேரியனில் அப்படியே உண்டு: நாலம் வன் அ குல்ச். நாலம் என்றால் என்னிடம், நாலட் என்றால் உன்னிடம். பேனா கைவசம் இருக்கா என்று நண்பனைக் கேட்க 'வன் நாலட் டொல்?'

பணத்தில்தான் இது கடிக்கும். 'நின்ச் நாலம் பேன்ஸ்' என்றால் இப்போது கையில் காசு இல்லை, பர்ஸ் ரூமில் இருக்கிறது. 'நின்ச் பேன்ஸெம்' என்றால் காசே கிடையாது. தமிழில் இரண்டுக்குமே 'என்கிட்ட காசில்ல' என்றுவிடுகிறோம் என்பதால் நம்மவர்கள் குழம்பும் இடம் இது. வாடகைப் பேச்சில் இரண்டாவதைச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் மாறத்தான் செய்யும்.

'ஹேவ் டு' வந்தால் என்ன செய்வது? 'நான் போக வேண்டும்' என்று தமிழைப் பின்பற்றி எழுதினால் சரியா?
– ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

இந்த இடத்தில் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மலையாளத்தை எடுங்கள். தமிழ் 'நான்' போடுகிறது. மலையாளம் 'எனிக்கு போகணம்' என்கிறது. ஹங்கேரியனும் அதே 'எனக்கு'தான்: நெக்கெம் மென்னெம் கெல். வழக்கம்போல் நெக்கெம் விடலாம். மென்னெம் கெல் போதும்.

போதல் என்ற வினையின் வாலிலும் பழைய முடிச்சு வருவதைக் கவனியுங்கள். நான் என்றால் மென்னெம், நீ என்றால் மென்னெட், அவர் என்றால் மென்னியெ. ஆள் மாறினாலும் 'கெல்' மாறாது, காலம் மாறினால்தான் மாறும். 'போகவேண்டியிருந்தது' என்று நேற்றைக்குத் தள்ள 'மென்னெம் கெல்லெட்'.

கெல் நம் 'வேண்டும்' போலவே இரட்டை வேலை செய்கிறது. வினையோடு வந்தால் கட்டாயம், பெயரோடு வந்தால் தேவை. 'வீஸ் கெல்' என்றால் தண்ணி வேணும்.

கவனம் தேவைப்படுவது எதிர்மறையில். 'நெம் கெல் மென்னெம்' என்றால் போகவேண்டியதில்லை, போனாலும் தப்பில்லை. போகக்கூடாது என்பதற்கு 'நெம் ஸபட்'. மலையாளத்தின் 'போகண்டா' இரண்டு பக்கமும் சாயும், ஆகவே இங்கே அது உதவாது. தமிழில் 'வேண்டியதில்லை', 'கூடாது' என்று பிரித்துச் சொல்லிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஆலைக்குள் மெஷினைத் தொடக்கூடாது என்று எச்சரிக்க நெம் கெல் போட்டால், தொட அவசியமில்லை என்றுதான் எதிராளிக்குக் கேட்கும். விரல் போகிற விஷயம். சுவரில் 'டிலொஷ்' என்ற சொல்லைப் பார்த்தால் அது தடை, பேச்சே இல்லை. 'டொஹாஞொஸ்னி டிலொஷ்' என்பது புகைபிடிக்கக்கூடாது.

ஹங்கேரியில் நர்சிங் சேர விருப்பம். நோயாளியிடம் காய்ச்சல், தலைவலி இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?
– மாணவி, சித்தூர் (பாலக்காடு)

இரண்டும் வெவ்வேறு அமைப்பு. காய்ச்சலுக்கு வன் பொருந்தும். 'லாஸம் வன்', எனக்குக் காய்ச்சல் இருக்கு. வலிக்கு வன் கூடாது, ஃபாய் (வலிக்கிறது) வேண்டும்: ஃபாய் அ ஃபெயெம், என் தலை வலிக்குது. வயிறு ஃபாய் அ ஹஷம், தொண்டை ஃபாய் அ டொர்க்கொம். எங்கே வலிக்குது என்று கேட்க 'ஹொல் ஃபாய்?'

மரியாதை விஷயத்தில் நம்மவர்கள் வழுக்குவார்கள். 'நீங்கள்' என்பதற்குப் பன்மை வடிவம் போட்டால், ஒற்றை ஆளைக் கூட்டமாக்கிவிடுவீர்கள். அங்கே மரியாதை என்றால் படர்க்கை ஒருமை. 'சாருக்கு டைம் இருக்கா?' என்று எதிரில் நிற்பவரையே மூன்றாம் மனிதராக வைத்துக் கேட்கிறோமே, அந்த நடை. பெரியவரிடம் 'வன் லாஸ?', சின்னப் பிள்ளையிடம் 'வன் லாஸட்?'. எழுத்துக்கூட்டலில் ஒன்று நினைவிருக்கட்டும். எஸ் தனியாக வந்தால் ஷ், எஸ்ஸும் இஸட்டும் சேர்ந்து வந்தால் ஸ். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

'ஐ வில் ஹேவ் எ காபி' – ஹோட்டலில் எப்படி?
– வாசகர், நகரி

எஜ் காவேட் கேரெக். 'ஒரு காபி கேட்கிறேன்' என்று பொருள். வன் போட்டால் காபி ஏற்கெனவே உங்கள் மேஜையில் இருப்பதாகிவிடும். வேண்டாம் என்று மறுக்க 'நெம் கெல்' முரட்டுத்தனம். 'கொஸொனொம், நெம் கேரெக்' சொல்லுங்கள். காபி குடிப்பதற்குத் தனி வினையே இருக்கிறது, காவேஸிக். மதியச் சாப்பாட்டுக்கு எபேடெல்.

முடி வெட்டிக்கொள்வது, வண்டி ரிப்பேர் செய்விப்பது போன்றவற்றிலும் இங்கிலீஷில் 'ஹேவ்' வருகிறதே?
– மெக்கானிக், நகரி

உங்கள் ஊர்த் தெலுங்கே விடை. 'ரிப்பேர் சேசானு' நானே செய்தது, 'ரிப்பேர் சேயிஞ்சானு' ஆள் வைத்துச் செய்தது. ஹங்கேரியனிலும் வினையின் நடுவில் ஒரு துண்டு செருகுவார்கள். மெக்யவீட்டொம், நானே சரிசெய்கிறேன். மெக்யவீட்டட்டொம், சரிசெய்யக் கொடுக்கிறேன். ஓர் அசை வினையில் பெரும்பாலும் அட் அல்லது எட் சேரும். வெட்டு வாக், வெட்டுவி வாகட். பல அசை இருந்தால் பெரும்பாலும் டட் அல்லது டெட். அந்த அசையை விழுங்கிவிட்டால் ஸ்பேனர் உங்கள் கைக்கு வந்துவிடும்.

தமிழும் ஹங்கேரியனும் உறவு மொழிகள் என்கிறார்களே?
– வாசகர், வேலந்தாவளம்

கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளைச் 'சித்தியக்' குடும்பத்தோடு (ஹங்கேரியன் வகை மொழிகளும் அதில் அடங்கும் என்பது அன்றைய கருத்து) சேர்த்துப் பார்த்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஹங்கேரியன் யூராலிக் குடும்பம், பின்னிஷும் எஸ்டோனியனும் அதன் தூரத்துச் சொந்தங்கள். விகுதி மேல் விகுதி ஒட்டும் பழக்கம் துருக்கியிலும் உண்டு. அதை வைத்து உறவு சொல்ல முடியாது.

நேர்காணலில் 'இங்கே 3 வருடமாக வேலை பார்க்கிறேன்' என்று சொல்ல எந்தக் காலம்? இங்கிலீஷில் 'ஹேவ் பீன்' வருகிறது.
– வாசகர், சத்தியவேடு

தமிழில் நீங்கள் எழுதியிருப்பதே நிகழ்காலம்தானே. அங்கேயும் அதேதான்: ஹாரொம் ஏவெ டொல்கொஸொம் இட். 'ஹேவ் பீன்' கண்ணை உறுத்துகிறது என்று இறந்தகாலத்துக்கு மாற்றி 'ஹாரொம் ஏவிக் டொல்கொஸ்டம்' என்றால், 3 வருடம் பார்த்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்று ஆகும். அடுத்த கேள்வி 'ஏன் விட்டீர்கள்?' என்றுதான் வரும்.