ஐநூறு ரூபாயில் லோஹகட் ஏறலாம், வசூல் மட்டும் எண்ணூறு

கேள்வி: சொந்த ஊர் திண்டிவனம். புனே ஹிஞ்சவாடியில் வேலை, மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. இந்த மழைக்கு நண்பர்கள் ஆறு பேர் லோஹகட் கோட்டை ஏறிவிட்டு அன்றே திரும்ப நினைக்கிறோம். ட்ரெக்கிங் ஏற்பாட்டாளர் ஆளுக்கு 1,200 கேட்கிறார். நாங்களே போனால் 500-க்குள் முடியுமா? 6,000 ரூபாய் வாட்டர்ப்ரூஃப் ஷூவை ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் வாங்கலாமா? கிரெடிட் கார்டில் 9,000 பாக்கி நிற்கிறது.

பதில்: 500-க்குள் முடியும். ஷூ வேண்டாம். கார்டைத் தொடவே வேண்டாம்.

முதலில் வழிச்செலவு. சிஞ்ச்வட்டில் லோனாவளா லோக்கல் ரயில் பிடித்து, லோனாவளாவுக்கு முந்தைய நிலையமான மளவ்லியில் இறங்குங்கள். விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. போக வர 30 ரூபாய்க்கு மேல் ஆகாது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பங்கு ஆட்டோ 60, இறங்கியதும் வடா பாவும் டீயும் 50. வழியில் வரும் பாஜே குகைக்கும் கோட்டைக்கும் தொல்லியல் துறை டிக்கெட் 25 வீதம் 50. அடிவார ஊரான லோஹகட்வாடியில் வீட்டுச் சாப்பாடு, பிட்லாவும் (கடலைமாவுக் குழம்பு) பாக்ரியும் (தடித்த ரொட்டி), 150. இறங்கிய பிறகு மளவ்லிக்குத் திரும்ப ஒரு வண்டி 600 என்று வையுங்கள், ஆளுக்கு 100. மாலைக்குச் சோளமும் பஜ்ஜியும் 60. ஆக 500. போகும்போது வண்டி வேண்டாம். பாஜே வழியாக நடந்தாலே இரண்டு மணி நேரத்தில் லோஹகட்வாடி. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் வண்டியைவிட நடைதான் வேகம்.

ஆனாலும் ஆளுக்கு 800 வசூலியுங்கள், அதுவும் முந்தைய நாளே. ‘அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்’ என்று ஒருவர் ஜிபேயில் கட்டிக்கொண்டே போனால், கடைசியில் நஷ்டப்படுவது அவர்தான். ஆறு பேருக்கு 4,800. செலவு 3,000, மீதி 1,800 பொதுக் கையிருப்பு. லோக்கல் நாள் முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. நடுப்பகலில் நீண்ட இடைவெளி உண்டு. ரயிலைத் தவறவிட்டு இருட்டிவிட்டால் வாடகைக் காருக்கு இந்தப் பணம்தான் கைகொடுக்கும். முந்தைய இரவுக்குப் பிறகு ‘வரவில்லை’ என்பவருக்கு வண்டிப் பங்கு 100 திரும்பக் கிடையாது என்று முன்பே பேசிவிடுங்கள். நான்கு பேர் ஆகிவிட்டால் அதே வண்டி ஆளுக்கு 150.

கையில் 1,500 ரூபாயாவது நோட்டாக, ஐம்பதும் நூறுமாக, ஜிப் கவரில் இருக்கட்டும். மழையில் சிக்னல் போனால் கடையில் மாட்டிய க்யூஆர் அட்டை சுவர் அலங்காரம்தான். ரயில் டிக்கெட்டையும் கவுண்டரில் காகிதமாக எடுங்கள். நனைந்து அணைந்த போனுக்குள் இருக்கும் டிக்கெட்டைப் பரிசோதகரிடம் காட்ட முடியாது. அபராதம் குறைந்தபட்சம் 250, கட்டணம் தனி.

இப்போது ஷூ. சஹ்யாத்ரி (இங்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அதுதான் பெயர்) மழை கணுக்காலுக்கு மேலிருந்து ஷூவுக்குள் இறங்கும். வாட்டர்ப்ரூஃப் என்றால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, நாள் முழுக்கக் காலில் வாளியைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். தேவை, ஆழமான வெட்டுள்ள ரப்பர் அடிப்பாகம். 1,000–1,500 ரூபாய் துணி ஷூவிலேயே அது கிடைக்கும். தேய்ந்த ஓட்ட ஷூ மட்டும் வேண்டாம். படிகளில் தண்ணீர் ஓடுகிறது, ஓரமெல்லாம் பாசி. வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

‘நோ காஸ்ட்’ என்பதில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள், அந்த வட்டி மீதான 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில். 6,000-ஐ ஆறு மாதம், 15% வட்டியில் போட்டால் வட்டி சுமார் 254, அதற்கு ஜிஎஸ்டி 46. செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் சுமார் 280 ரூபாய், உங்கள் ட்ரெக்கில் பாதிக்கு மேல்! பாக்கி முழுதாகத் தீரும்வரை கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். மாதம் 3.5% என்றால் இருக்கும் 9,000-க்கே வட்டி 315, வரியோடு 370-ஐத் தாண்டும்.

ஏற்பாட்டாளர் கேட்கும் 1,200 கொள்ளை என்று சொல்ல மாட்டேன். பஸ், சாப்பாடு, வழிகாட்டி, முதலுதவி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் லோஹகட்டில் கணேஷ் வாசல் தொடங்கி மகா வாசல் வரை நான்கு வாசல்களையும் கல்படியே கடத்திவிடும், வழிகாட்டி தேவையில்லை. எதிரே இருக்கும் விசாபூர் கோட்டை வேறு கதை. மழையில் அதன் படிவழியே அருவியாகிவிடும், பனிமூட்டத்தில் பாதை தெரியாது. ‘வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துவிடலாம்’ என்று யாராவது கிளம்பினால், கையிருப்பிலிருந்து உள்ளூர் ஆள் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

காப்பீடு: மருத்துவ பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கு, தொழில்முறையாக ஈடுபடுவோருக்கானது. பொழுதுபோக்காக நடந்து விழுந்ததற்கு அது பொருந்தாது. ஆனால் கணுக்கால் சுளுக்குக்கு எக்ஸ்ரே, கட்டு எல்லாம் வெளிநோயாளிச் செலவு, பெரும்பாலும் சொந்தப் பணம்தான். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா உங்கள் வங்கிக் கணக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். மருத்துவச் செலவைத் தராது.

முடிந்தால் வார நாளில் ஒரு விடுப்பு எடுங்கள். 2023 மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, அந்தப் படிகளிலேயே கூட்டம் மணிக்கணக்கில் நகர முடியாமல் நின்றது. சிவாஜி காலத்தில் கருவூலமாக இருந்த கோட்டை, இப்போது உங்கள் ஊருக்குப் பக்கத்துச் செஞ்சியோடு சேர்ந்து 2025 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. கூட்டம் இனிக் குறையாது. மேலே தேள்வால் போல நீளும் விஞ்சு காட்டா முனைக்குக் காற்றும் மூட்டமும் இருந்தால் போக வேண்டாம். ஒன்றரை மணிக்கு இறங்கத் தொடங்குங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை மாவட்ட நிர்வாக அறிவிப்பைப் பாருங்கள். 2024 ஜூனில் லோனாவளா பூஷி அணைப் பக்கத்து அருவியில் ஒரே குடும்பத்தினர் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, லோஹகட்டும் அடங்கிய மாவல் வட்டாரச் சுற்றுலா இடங்களுக்குத் தடை உத்தரவு வந்தது. இந்த ஆண்டும் வரலாம். அதனால் வண்டிக்கோ சாப்பாட்டுக்கோ முன்பணம் கட்டாதீர்கள். லோக்கல் டிக்கெட் எப்படியும் அன்றைக்குக் காலையில் எடுப்பதுதான்.