நிபுணருக்கு மீன் வாங்கத் தெரியுமா?

கே: பள்ளிகளில் உணவு நிபுணர்களை அழைத்து வாரம் ஒரு வகுப்பு நடத்தினால், பிள்ளைகள் பாக்கெட் தின்பண்டங்களை விட்டுவிடுவார்கள் அல்லவா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

ப: நிபுணர்களா? எதற்கம்மா வம்பு! வருவார், புரொஜக்டரைப் போடச் சொல்வார், அது வேலை செய்யாது. பி.டி. வாத்தியார் ஓடிப்போய் ஒயரை ஆட்டுவார். கடைசியில் திரையில் வருவது அவகேடோ. "தினமும் சாப்பிடணும், ஓகேவா?" "ஓகே சார்!" விலை என்ன என்று கேட்ட பையன் வகுப்புக்கு வெளியே நிற்பான். பிறகு நன்றியுரை. நிபுணருக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்.

காசிமேடு உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்கார ஆயாவைக் கூட்டி வாருங்கள். செவுளைத் தூக்கிக் காட்டுவார்: சிவப்பாக இருந்தால் வாங்கு, பழுப்பேறியிருந்தால் நடையைக் கட்டு. விரலால் அழுத்தி, பள்ளம் அப்படியே நின்றால் பழைய சரக்கு. வஞ்சிரத்துக்குக் காசு இல்லையா, நெத்திலி வாங்கு, முள்ளோடு தின்னு, சுண்ணாம்புச் சத்து தன்னால் உள்ளே போகும். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகு ஏன் கடலுக்குப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் வரும் பாஷைக்குத் தலைமை ஆசிரியர் பொறுப்பேற்க முடியாது.

பாக்கெட்டா? பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020லேயே விதி போட்டாயிற்று. டேப் எடுத்து அளக்கத்தான் ஆளைக் காணோம்.

பள்ளியில் சோறு என்றதும் என் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று கிளம்புகிறது. தென்சென்னை வாசகர்கள் நான்கு பேர் சந்தாவை நிறுத்துவார்கள், பரவாயில்லை. 1920ல் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. ஆள் நம் வடசென்னை வண்ணாரப்பேட்டை, சோறு போட்டதோ ஆயிரம் விளக்கில். சரி, போகட்டும். பேரையாவது நமக்கு விட்டார்களா? தியாகராய நகர் என்று தெற்கே தூக்கிப் போனார்கள். அதையும் முழுசாகச் சொல்லச் சோம்பல்பட்டு டி.நகர் ஆக்கி, பட்டுப்புடவை விற்கிறார்கள். நமக்கு மிஞ்சியது ஒரு கல்லூரி, அதன் பேரில் ஒரு மெட்ரோ ஸ்டேஷன்.